பூசாமல் விட்ட ஓட்டை

பிற்பகல் மூன்று மணிக்கே மூட்டம் சாலையை விழுங்கியிருந்தது. கரியாலூருக்கு அப்பால், ஒற்றை வீட்டின் முன் நவுஷாத் ஜீப்பை நிறுத்தினான். கள்ளக்குறிச்சிக் கடைக்குச் சாமை வாங்க அவன் வழக்கமாக வரும் வீடு. இன்று காலிச் சாக்குகளுக்கு அடியில் ஜீவாவும் சந்தியாவும் படுத்திருந்தார்கள். வேறு வேறு சாதி. கல்யாணமாகி நான்கு நாள். பெண்ணின் சித்தப்பா ராஜாங்கம் அரிவாளோடு பின்னால் வந்துகொண்டிருந்தார்.

வீட்டுக்காரி தங்கமணி எதுவும் கேட்கவில்லை. ஆள் உயரத்துக்கு மேல் நின்ற, தானியம் கொட்டிவைக்கும் மண் குதிர் ஒன்றைக் காட்டினாள்.

"ரெண்டு பேரும் உள்ள எறங்குங்க. மூச்சு காட்டாதீங்க."

மூடியை வைத்து, தானியம் நிரப்பிய குதிருக்குப் பூசுவதுபோலவே சாணி மண்ணால் பூசினாள். அடியில் தானியம் அள்ளும் ஓட்டையை மட்டும் விட்டுவிட்டாள்.

"அதையும் பூசுக்கா. தொறந்திருந்தா காலின்னு தெரிஞ்சிடும்."

"போன வருசம் பூசினேன் பாய்." அவள் குரல் இறங்கியது. "இதே மாதிரி ஒரு ஜோடி. வந்தவனுங்க என்னை அடிச்சிப் போட்டுட்டானுங்க. நான் முழிச்சி ஒடைக்கறதுக்குள்ள உள்ள ரெண்டு உசுரும் போயிடுச்சி."

வாசலில் கார்க் கதவுகள் அறைந்தன.

ராஜாங்கமும் இன்னும் இரண்டு பேரும். முதல் அடியிலேயே தங்கமணி சுவரோடு சரிந்தாள். அரிவாளின் பின்புறம் நவுஷாத்தின் வாயில் இறங்கியது. பற்கள் நாக்கில் உருண்டன.

"எங்க வச்சிக்கினு இருக்க, சொல்லு பாய்."

நவுஷாத் ரத்தத்தை விழுங்கினான்.

ராஜாங்கம் குதிரின் பூச்சைத் தடவினார். விரலில் ஈர மண் ஒட்டியது.

சிரித்தார். மண்டியிட்டு, ஓட்டைக்குள் கையை விட்டார்.

"காலு ஆப்டுது. அம்மாடி சந்தியா, சித்தப்பா வந்திருக்கேன்டி."

சிரிப்பு நின்றது.

"கையப் புடிக்கிறாங்கடா." குரல் மெலிந்தது. "ரெண்டு பேருதானே ஓடினாங்க? இன்னாடா இது, இத்தினி கையி…"

முழங்கை உள்ளே போனது.

தோள் போனது.

எலும்பு ஒடிவது பச்சை மூங்கிலை முறிப்பதுபோல் கேட்டது. கூட வந்தவர்கள் அவரை இழுத்தார்கள். உடம்பு வந்தது; கை வரவில்லை. ஊளையிட்டவரைக் காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினார்கள்.

நவுஷாத் கடப்பாரையால் மூடியை உடைத்தான். இருவருக்கும் உயிர் இருந்தது. சந்தியாவின் வாயைச் சுற்றி ஐந்து விரல் பதிந்திருந்தது.

"கத்த வந்துச்சிண்ணா. யாரோ வாயப் பொத்திட்டாங்க."

"நான் இல்ல," என்றான் ஜீவா. "என் வாயையும் பொத்தினாங்க."

தங்கமணி எழுந்து உட்கார்ந்து, வரமாட்டேன், போங்கள் என்று கையை அசைத்தாள். மறுபடி சாக்குகளுக்கு அடியில் இருவரையும் படுக்கவைத்து, கருமந்துறைப் பக்கம் இறங்கும் பாதையில் வண்டியை விட்டான் நவுஷாத். மூன்றாவது வளைவில் ராஜாங்கத்தின் ஆட்கள் இன்னொரு காரில் எதிரே ஏறி வந்தார்கள். பக்கத்தில் உரசி நின்றார்கள்.

"இன்னா பாய், வாயெல்லாம் ரத்தம்?"

"வழுக்கி வுழுந்துட்டேன்."

கண்ணாடியில் பார்த்தான். சாக்கு விலகியிருந்தது. சந்தியாவின் வாய் அலறத் திறந்தது.

அவள் கன்னத்தில் ஐந்து பள்ளங்கள் விழுந்தன. உதடுகள் அமுங்கின. அவள் மேல் எந்தக் கையும் இல்லை.

கார் மூட்டத்துக்குள் ஏறி மறைந்தது. நவுஷாத் மறுபடி கண்ணாடியைப் பார்த்தான்.

பள்ளங்கள் நிமிரவில்லை.