பகல் பன்னிரண்டு மணிக் கசெட்

சேர்வர் என்று சொல்லப்பட்ட அந்தக் கறுப்புப் பெட்டி இரண்டாயிரமாம் ஆண்டு மாசி மாதம், வட்டகொடை ஸ்டேஷனிலிருந்து தேயிலைக் கொழுந்து லொறியில் எங்கள் தோட்டத்துக்கு வந்து இறங்கியது. யானைக்குட்டி கனம். ஆறு பேர் தூக்கினார்கள். சரி, மூன்று பேர். தோட்டத்துச் சனத்தின் பிறப்பு இறப்புப் பதிவெல்லாம் இனி இந்தப் பெட்டிக்குள்தான் என்று கம்பெனி உத்தரவு. நான் அங்கே பெரிய கிளாக்கர். மழைக்கு ஒழுகாத அறை ஒன்றே ஒன்றுதான் இருந்தது, ஆபீசை ஒட்டிய பழைய பிரசவ அறை. இருபது வருடம் பூட்டிக் கிடந்த கதவைத் திறந்ததும் வசம்பு வாசனை முகத்தில் அடித்தது. பச்சைக் குழந்தை இருக்கிற வீட்டின் வாசனை.

பழைய பதிவேடுகளைப் பெட்டிக்குள் தட்டி ஏற்றி முடித்ததும், அதற்கு வேலை நேரம் குறித்துக் கொடுக்க ஹட்டனிலிருந்து றமணன் வந்தார். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, மருந்து ஊற்றுவதுபோல் அளந்து பேசுவார். இரவில் காவல்காரன் மெயின் சுவிட்சை இறக்கிவிடுவான் என்பதால் எல்லாவற்றையும் பகலிலேயே வைத்தோம். தினமும் பன்னிரண்டு மணிக்கு, எல்லோரும் சாப்பிடப் போனதும், பெட்டி தன்னிடமுள்ள பதிவுகளை ஒரு கசெட்டில் தானாகவே பிரதி எடுக்கும். நேற்றைய பிரதியின் மேல் இன்றையது ஏறும். அது முடிந்ததும், பதிவுகளில் கிடக்கும் குப்பையைக் கூட்டிச் சுத்தம் செய்யும்.

"ஒரு தாய்க்கு ஒரே பேரில ரெண்டு பிள்ளை வந்தா, பிந்தினதை அழிக்கச் சொல்லட்டோ ஐயா? தவறுதலா ரெண்டு தரம் பதிஞ்சிருப்பினம்."

"அழிங்க தம்பி! எந்த ஆத்தா ரெண்டு புள்ளைக்கு ஒரே பேரு வைப்பா? பேருக்கா பஞ்சம்?"

சொல்லிவிட்டு மலை அதிரச் சிரித்தேன். கரையான் தின்ற பழைய பதிவேடுகளை அன்று மாலையே நானே கொளுத்தினேன். புகை நல்லதண்ணி ஊர் வரைக்கும் போனது.

மறுநாள் பன்னிரண்டு மணிக்கு எல்லாம் ஒழுங்காக ஓடியது. கசெட் சுற்றும்போது மட்டும் 'ங்ங்... ங்ங்...' என்று ஒரு சிணுங்கல். புது மெஷின், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

அதற்கு அடுத்த நாள் காலை பதினொன்றரைக்கு, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடு மலையிலிருந்து காளியாயி ஓடி வந்தாள். கொழும்பில் ஒரு வீட்டில் வேலை செய்த அவள் மகள் பூரணியை, அடையாள அட்டை இல்லையென்று சோதனைச் சாவடியில் பிடித்து மூன்று நாளாயிற்று. காலையில் நான் முத்திரை குத்தி அனுப்பிய கடிதத்தைப் பொலிஸ் ஏற்கவில்லை. பிறப்புப் பதிவின் பக்கமே பெக்ஸ் மெஷினில் வர வேண்டுமாம். ஒரு மணிக்குள் வராவிட்டால் லொறியில் ஏற்றித் தடுப்பு முகாமுக்கு அனுப்பிவிடுவார்களாம்.

"முகாமுக்குப் போன செல்லசாமி மவ மூணு வருசமா வரலைங்க ஐயா," என்றாள். அவள் குரலில் அழுகை இல்லை. அழுகை தீர்ந்துபோயிருந்தது.

கம்பியூட்டரில் தேடினேன்.

"ஒம் மவ எந்த வருசம் பொறந்தா?"

"எம்பதுங்க."

"எழுபத்தெட்டுன்னு இருக்கே. அதுவும் மூணாம் நாளே... இறந்துருச்சுன்னு இருக்கு."

"அது மூத்தவங்க. அவளும் பூரணிதான். சாமிக்கு நேந்து வச்ச பேரு, புள்ள போயிட்டா அடுத்த புள்ளைக்கு அதையேதானே வைக்கணும்? ஒங்களுக்குத் தெரியாததா? பேரு வச்சப்ப நீங்கதானே கல்கண்டு வாங்கியாந்தீங்க!"

தெரியும். எனக்கு நன்றாகத் தெரியும்.

உயிரோடிருந்தவளை அழித்தது என் சிரிப்பு.

புதிதாகப் பதிந்தால் அன்றைய தேதியும் அடியில் விழும், பொலிஸ் கண்டுகொள்ளும். றமணனுக்கு டெலிபோன் எடுத்தேன்.

"நேற்றைய பிரதி, கூட்டுறதுக்கு முதல் எடுத்தது ஐயா. பிள்ளை கசெட்டில இருக்கிறா. ஆனா பன்னிரண்டு அடிச்சா அதுக்கு மேல புதுசு ஏறிடும். அதுக்கு முதல் கசெட்டை வெளியில எடுங்கோ. ஓடுங்கோ!"

ஓடினேன். ஐம்பத்தெட்டு வயதில் குதிரையாக ஓடினேன். காளியாயி பின்னால் வந்தாள்.

அதற்குள் பனிமூட்டம் ஜன்னலை மூடிவிட்டது. நட்டநடுப் பகலில் அறை கிணறாகக் கிடந்தது. வசம்பு வாசனையோடு இப்போது புளித்த பால் வாசனையும் இருந்தது. கசெட் பொத்தானை அழுத்தினேன். வரவில்லை. நகத்தால் நெம்பினேன். நகம்தான் வந்தது. திரையில் மணி 11:58.

சுவரிலிருந்து வயரைப் பிடுங்கினேன்.

திரை அணையவில்லை.

11:59.

'ங்ங்...'

கசெட் சுற்றவில்லை. சத்தம் மட்டும் வந்தது. தூளி தொங்கவிட உத்தரத்தில் அடித்திருந்த கொக்கி, காற்றில்லாத அறையில், கிறீச்... கிறீச்... என்று அசைந்தது.

காளியாயி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"மூத்தவளப் பெத்து இதே ரூம்ல மூணு நாள் கேட்ட சத்தங்க," என்றாள் மெல்ல.

நான் கதவைப் பார்த்தேன். வீரம் எல்லாம் உங்களிடம் சொல்ல மாட்டேன். என் கால் அப்போதே பாதி வெளியில்.

அவள் வெளியில் போகவில்லை. பெட்டியின் முன்னால் குந்தினாள். கையின் ஈரத்தைப் படங்கில் துடைத்துவிட்டு, அந்தக் கறுப்புத் தகரத்தின் மேல் உள்ளங்கையை வைத்தாள். தட்டிக் கொடுத்தாள்.

"ஒன்னய மறக்கலடி சாமி. பேரு ஒனக்குந்தான், அவளுக்குந்தான். யாரும் ஒங்கிட்டேருந்து புடுங்கல. ஆனா அவ தனியா மாட்டிக்கிட்டாடி. நாதியில்லாம நிக்கிறா. நீதானே அக்கா? போ... போயி தங்கச்சியக் கூட்டியா."

சிணுங்கல் நின்றது.

கொக்கி நின்றது.

திரையில் 11:59 அப்படியே நின்றது. எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். ஒரு மணி நேரம் என்று நான் சொல்வேன். நீங்கள் பாதியாகக் குறைப்பீர்கள். குறைத்தாலும் அது நின்றது.

பிறகு கசெட் தானாகவே வெளியில் வந்தது. கையில் எடுத்தேன். காய்ச்சல் கண்ட பிள்ளையின் வயிறுபோல் சுட்டது.

வயர் இன்னும் என் மற்றக் கையில்தான் தொங்கியது.

வயரை மாட்டி, டெலிபோனில் றமணன் சொல்லச் சொல்ல, நேற்றைய பதிவைத் திரும்ப ஏற்றினேன். ஒரே பக்கத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக, இரண்டு பூரணியும் வந்தார்கள். ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் பெக்ஸ் போனது. அந்தக் குப்பை கூட்டும் வேலையை அன்றோடு ஒழித்துக்கட்டினேன்.

அடுத்த நாள் ரயிலில் பூரணி வந்துவிட்டாள். காளியாயி அவளை ஆபீசுக்கே இழுத்து வந்து என் காலில் விழச் சொன்னாள். நான் விலகிக்கொண்டேன்.

"பொலிஸ்ல குடுத்தாங்க ஐயா. நீங்க பாத்துட்டு வச்சுக்கணுமாம்," என்று பூரணி ஒரு தாளை நீட்டினாள்.

விடுதலைக் கடதாசி. சிங்களத்தில் இருந்தது. வாசித்துக்கொண்டே வந்தவன், 'பாரமெடுத்தவர்', அதாவது பொறுப்பேற்றுக் கூட்டிப் போனவர், என்ற இடத்தில் நின்றேன். அங்கே ஒரே ஒரு சொல் எழுதியிருந்தது. சிங்களத்திலும் அக்கா அக்காதான்.

"ஒன்னய யாரு புள்ள பாரமெடுத்தது?"

"யாரும் வரலைங்களே. சார்ஜன் கதவத் தொறந்து, ரெண்டு பேரும் போங்கன்னாரு. பின்னால யாரோ நிக்கிறாங்கன்னு திரும்பிப் பாத்தேன். ஒருத்தரும் இல்ல."

கையெழுத்துக்குப் பதிலாக அடியில் பெருவிரல் அடையாளம் இருந்தது. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தேன். ஒரு கொத்தமல்லி விதையளவு. அதற்குள் ரேகைகள் சுழிசுழியாக, அத்தனை துல்லியம்.

தொட்டுப் பார்த்தேன்.

மை இன்னும் ஈரமாக இருந்தது.