மேல் இமைக்கு அடியில்

சாயங்கால அஸர் தொழுகைக்கு முன் கை முகம் கழுவி ஒளு செய்யக் குனிந்தபோது, அப்சானாவின் முகத்திலிருந்து வழிந்த தண்ணீர் சாம்பல் நிறத்தில் விழுந்தது. கண் ஆஸ்பத்திரியின் பின்பக்கக் குழாயில் எப்போதும் இரும்பு வாடை அடிக்கும், ஆனால் நிறம் இருக்காது. இரு கைகளிலும் தண்ணீரை ஏந்திப் பார்த்தாள். தெளிவாக இருந்தது. மறுபடியும் முகத்தில் அடித்துக் கழுவினாள். இடது கன்னத்தில் தெளிவாகவும் வலது கன்னத்தில் கலங்கலாகவும் இறங்கியது. வலது கண்ணின் மேல் இமைக்கு அடியில் மணல் போல ஏதோ ஒன்று உருண்டது.

இரண்டாயிரத்து ஆறில் நோன்பும் தீபாவளி சீசனும் ஒன்றாக வந்திருந்தன. சிவகாசித் தெருக்களில் கந்தக நெடியும் அச்சு மை வாடையும் கலந்து தொண்டையில் உட்கார்ந்திருந்தன. டாக்டர் காசிராஜனிடம் அப்சானா வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம். வருகிறவர்களின் கண்ணை முதலில் பார்த்துச் சீட்டில் எழுதிவைப்பது அவள்தான். மேல் இமையின் உட்தோல் மேலேறிப் போய், மடங்கி, விழியின் வெள்ளையோடு சேருகிற இடத்தில் ஒரு பை உண்டு. டாக்டர் அதை ஃபார்னிக்ஸ் என்பார், வெள்ளையை ஸ்கிளீரா என்பார். "தூசி விழுந்த கண்ணுன்னா இமையைப் புரட்டாம அனுப்பக் கூடாது" என்பது முதல் நாளே அவர் சொல்லிக்கொடுத்தது.

நான்கு நாளைக்கு முன்னால், நோன்பு திறக்கும் நேரம் நெருங்கியபோது, நாரணாபுரம் பட்டாசுக் கம்பெனியிலிருந்து சுப்புத்தாய் வந்தாள்.

"கண்ணுக்குள்ள என்னமோ கெடந்து உருளுது தாயி. மேல, இமைக்கு அங்கிட்டு."

வீட்டுக்குப் போகும் அவசரம் இருந்தது. அது மட்டுமில்லை என்பது அப்சானாவுக்குத் தெரியும். அந்தப் பெண்ணின் இமை மயிரிலும் கழுத்து மடிப்பிலும் அலுமினியப் பொடி அப்பியிருந்தது. வேர்வையும் பட்டாசு மருந்தும் கலந்த நெடி அடித்தது. தொட மனம் வரவில்லை. தள்ளி நின்று டார்ச் அடித்தாள்.

"ஒண்ணுமில்லக்கா. சொட்டு மருந்து விட்டுட்டுப் படுங்க" என்றாள். 'ஸ்கிளீரா வெள்ளை. பை காலி' என்று சீட்டில் எழுதினாள்.

நேற்று சுப்புத்தாயை அவள் புருஷன் கைத்தாங்கலாகக் கொண்டுவந்தான். டாக்டர் இமையைப் புரட்டினார். பைக்குள் பட்டாசு மருந்துக் கட்டி ஒட்டிக்கிடந்தது. அதைச் சுற்றி ஸ்கிளீரா அரித்துப்போய், உள்ளே இருந்த கருநீலம் தெரிந்தது. கண்ணைக் காப்பாற்ற முடியாது, உடனே மதுரைக்குக் கொண்டுபோங்கள் என்றார். பிறகு திரும்பிக் கேட்டார்.

"அன்னைக்குப் புரட்டிப் பாத்தியாம்மா?"

"பாத்தேன் சார்."

நோன்பு வாயால் சொன்ன பொய். சுப்புத்தாய் மறுக்கப்போகிறாள் என்று அப்சானா தரையைப் பார்த்தபடி நின்றாள்.

"பாத்தாக சார்," என்றாள் சுப்புத்தாய். "நல்லாத்தான் பாத்தாக. பெறகு விழுந்திருக்கும். பிள்ளைய வையாதீக."

அவளுடைய நல்ல கண் அப்சானாவைப் பார்த்தது. அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை என்று அப்சானாவுக்குத் தோன்றியது. இரவெல்லாம் தோன்றிக்கொண்டே இருந்தது.

இப்போது அவள் கண்ணில் உருண்டது நிற்கவில்லை. நோயாளிகளுக்குச் சொட்டு மருந்து விடும்போதும், பெயர் கேட்டு எழுதும்போதும், உலர்ந்த பொடியைச் சல்லடையில் சலிப்பதுபோல மெல்லிய சத்தம் தலைக்குள் கேட்டது. துடைத்த பஞ்செல்லாம் வெள்ளிப் பூச்சாக வந்தது. ஒவ்வொன்றையும் யாரும் பார்க்காமல் பாவாடை நாடாவுக்குள் செருகிக்கொண்டாள்.

"கண்ணு ஏன் இப்படிச் செவந்திருக்கு? உக்காரு, பாத்துருவோம்" என்றார் டாக்டர், கிளம்பும்போது.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள்.

"சும்மா தூசி சார். சரியாயிரும்."

அவருடைய கார் போனது. பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். பேரீச்சம்பழத்தை எடுத்தவளுக்கு அதை வாயில் வைக்கக் கூசியது. கீழே வைத்துவிட்டுப் பரிசோதனை அறைக் கண்ணாடியின் முன் போய் நின்றாள்.

பஞ்சுக் குச்சியை வைத்து இமையைப் புரட்டினாள்.

சுத்தமாக இருந்தது. இளஞ்சிவப்பான தோல். ஒரு துகள்கூட இல்லை.

சத்தம் மட்டும் கேட்டது. இன்னும் மேலே.

சுட்டு விரல் நுனியைப் பைக்குள் விட்டாள். அடி தட்டுப்பட வேண்டிய இடத்தில் தட்டுப்படவில்லை. விரல் போனது. வலிக்கவில்லை. உள்ளே கதகதப்பாக இருந்தது. முதல் கணு மறைந்தது. இரண்டாவது கணு. மேலே, வெகு தூரத்தில், கந்தக நெடி.

விரலை உருவினாள். நகம் வரை வெள்ளியாக மின்னியது.

"நான் பாக்கலக்கா," என்றாள். அறையில் யாரும் இல்லை. "தொடவே இல்ல. அருவருப்பா இருந்துச்சு. பொய் சொல்லிட்டேன்."

சத்தம் நின்றது.

இமை தானாகக் கீழிறங்கி மூடியது. அதன் அடியில் ஏதோ அசைந்து, வெளியே வர வழி தேடியது. கண்ணாடியில் பார்த்துக்கொண்டே நின்றாள். நகர முடியவில்லை.

இமை விளிம்பில், மயிர்களுக்கு நடுவே, பொடி அப்பிய ஒரு விரல் நுனி தெரிந்தது.

பிறகு இன்னொன்று.

இரண்டும் இமையைப் பிடித்தன. வலிக்கக் கூடாதே என்பதுபோல மெதுவாக, பொறுமையாக, உள்ளிருந்து அதைப் புரட்டத் தொடங்கின.