ஈரலைத் தொடாத குளவிகள்

தோட்டத்தில் கட்டித் தொங்கவிட்ட கோழி ஈரலை மூன்று நாளாக ஒரு குளவிகூடத் தொடவில்லை. ஆனாலும் குளவிப் பெட்டி கனத்துக்கொண்டே போனது.

கோடையில் மலைச்சரிவின் மண்ணைத் தோண்டி இவாவோ எடுத்து வந்த கூடு அது. ஊரில் பாதி வீட்டுத் தோட்டங்களில் அப்படி ஒரு மரப்பெட்டி உண்டு. வரும் ஞாயிற்றுக்கிழமை எல்லாக் கூடுகளையும் எடை போட்டு, கனமானதற்குப் பரிசு தருவார்கள். ஆறு வருடமாகப் பக்கத்து வீட்டுக் ககுஜிதான் முதல். பரிசு வாங்கிய கையோடு, இரண்டாவதாக வந்த இவாவோவுக்குச் சிரித்துக்கொண்டே சாக்கே மது ஊற்றிக் கொடுப்பான். அந்தச் சிரிப்பை இவாவோவால் விழுங்க முடிந்ததில்லை.

"பெட்டி மேல காதை வச்சே தூங்கப் போறீங்களா?" என்றாள் மனைவி மினே.

"இந்த வருசம் நாமதான். அவன் பெட்டியில சத்தமே இல்ல, கேட்டியா?"

"அவரையே மூணு நாளா காணோம். ஒரு எட்டு பாத்துட்டு வாங்க."

"எதுக்கு? அவன் வந்து என் கூட்டுக்குக் கண்ணு வைக்கவா?"

சாயங்கால வெயிலில், அழுகும் ஈரலின் நாற்றத்துக்கும் இரைச்சலுக்கும் நடுவே, வேலி மேலாக வந்த ஒரு குளவியின் வாயில் இறைச்சித் துணுக்கு இருந்தது; அதிலிருந்து ஒரு வெள்ளை இழை ஆடியது. காட்டில் கூடு தேடுகிறவர்கள் இறைச்சியில் வெள்ளை நூல் கட்டிக் கொடுத்து, குளவி போகும் வழியிலேயே ஓடுவார்கள். இவாவோவுக்கு ரத்தம் கொதித்தது. ககுஜி வேவு பார்க்கிறான்!

துணுக்கைப் பிடுங்கினான். அது நூல் இல்லை. நரைமுடி. வேரோடு.

வேலியைத் தாண்டினான்.

ககுஜி தன் பெட்டியின் முன் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தான். அவனைச் சுற்றி இவாவோவின் குளவிகள். வந்தன. போயின. ககுஜிக்கு ஒரு காது இல்லை. கன்னம் இல்லை.

ஆளைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் மருந்தடிப்பார்கள். கூடு அழியும். எடை போட இன்னும் இரண்டே நாள்.

வேலியை நோக்கி ஓர் அடி பின்வைத்தான். 

ககுஜியின் தலை மெல்லத் திரும்பியது. உதடு இருந்த இடத்தில் பற்கள் அசைந்தன.

"உன்னுது... எவ்வளவு இருக்கும்?"

"ஏழு கிலோ."

இமையில்லாத கண் பொறாமையில் விரிந்தது. அதன்மேல் ஒரு குளவி கால் ஊன்றி, நறுக்கத் தொடங்கியது.