திரும்பிய மூன்றாவது இலை

பச்சைமலையில் எந்தச் செடியைப் பார்த்தாலும் கீழிருந்து மூன்றாவது இலை திரும்பி, தன் அடிப்பக்கத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். பூவும் காயும் வருடம் முழுவதும் ஒரே கொம்பில் இருக்கும். இது இயற்கை விதி என்று ஆறாம் வகுப்புப் பாடத்திலேயே அச்சாகியிருந்தது. மூன்றாவது இலை ஏன் திரும்புகிறது என்று பதினோரு பேர் ஆராய்ந்து பட்டமும் வாங்கியிருந்தார்கள்.

உண்மைக் காரணம் தெரிந்தவர் ஒருவர்தான்: உயிர்மீட்பு நிலையத்தின் ஓவியர் செலின்.

அழிந்துபோன செடிகளை நிலையத்தின் படமுளைப்பி என்ற இயந்திரம் திரும்பக் கொண்டுவந்தது. உலர்ந்த இலையில் கிடைக்கும் மரபணு பாதி சிதைந்திருக்கும். முளைக்கிற செடி பழைய தாவரப் படத்தைப் போலவே வரும்படி, விடுபட்ட இடங்களை இயந்திரம் தானே நிரப்பிக்கொள்ளும். அந்தப் படங்களெல்லாம் இளம் வயதில் செலின் வரைந்தவை. அடிப்பக்க நரம்பும் தெரிய வேண்டுமே என்று ஓர் இலையைத் திருப்பி வரைவது அந்தத் தொழிலில் வழக்கம். ஆடியில் பார்த்த பூவையும் மாசியில் பார்த்த காயையும் ஒரே தாளில் சேர்ப்பதும் வழக்கம். இயந்திரத்துக்கு அந்த வழக்கமெல்லாம் தெரியாது. முதல் தொகுதி முளைத்த அன்றே செலினுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் ஒரு மலை முழுக்கத் தன் கைவண்ணம் முளைத்து நிற்கும்போது, அதைப் பிழையென்று சொல்ல யாருக்குத்தான் வாய் வரும்? பேசாமல் இருந்துவிட்டார்.

ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை வனக்காவலர் வெள்ளையன் வாளியில் ஒரு செடியோடு வந்தார்.

"கல்லுமணிச் செடி சார். பாறை சரிஞ்சு வேரோட விழுந்து கிடந்துச்சு. நம்ம வெச்சதில்ல, தானா மொளைச்சது."

இயக்குநர் கதிரேசன் நிலையத்தின் படத்தை அதன் அருகில் பிடித்துப் பார்த்தார். "மூணாவது இலை நேரா இருக்கே. காய் எங்கய்யா?"

"ஆடியில காய்க்கு எங்க சார் போறது? மாசியில வாங்க, கூடையோட தர்றேன்."

"நாப்பதாயிரம் கல்லுமணி வெளியில நிக்குது. ஒண்ணுகூட இப்படி இல்ல. இது பிறழ்வு. மகரந்தம் கலந்தா மத்ததும் கெட்டுடும். பன்னிரண்டு மணிக்கு உலைக்கு அனுப்பிடுங்க."

விதிப்புத்தகமும் அதைத்தான் சொன்னது. முத்திரையிட்ட படத்தோடு பொருந்தாத செடி எரிக்கப்பட வேண்டும்.

செலின் வாளிக்குள் எட்டிப் பார்த்தார். முப்பத்திரண்டு வருடங்களுக்குப் பிறகு பார்க்கிறார். மலையில் மிச்சமிருந்த ஒரே அசல் கல்லுமணி.

"சார், இதுதான் அசல். அந்த இலையைத் திருப்பினது நான்."

"என்ன மேடம் சொல்றீங்க?"

"படத்துல இலைக்கு ஒரு பக்கந்தானே தெரியும் சார்? அடிப்பக்கத்தை வேற எப்படிக் காட்டுறது?"

கதிரேசன் சிரித்துவிட்டார். "பதினோரு ஆராய்ச்சி வந்தாச்சு மேடம். நீங்க படத்தைப் பாருங்க, அறிவியலை எங்ககிட்ட விடுங்க."

செலின் விதிப்புத்தகத்தை வாங்கி முதல் பக்கத்திலிருந்து படித்தார்.

"படத்துக்கு முத்திரை வைக்கிறது யாரு சார்?"

"வரைஞ்சவங்கதான்."

"ஒரு செடிக்கு ஒரு படந்தான்னு எங்கயாவது போட்டிருக்கா?"

கதிரேசன் இரண்டு முறை புரட்டினார். போட்டிருக்கவில்லை.

அப்போது மணி ஒன்பதே முக்கால். செலின் வாளிக்கு முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். இம்முறை எதையும் திருப்பவில்லை, எதையும் சேர்க்கவில்லை. இரண்டாவது இலையில் இருந்த புழு ஓட்டையைக்கூட விடாமல் வரைந்தார். பன்னிரண்டுக்கு ஏழு நிமிடம் இருக்கும்போது முத்திரை குத்தினார். செடி படத்தோடு பொருந்தியது. உலைக்காரர் வெறுங்கையோடு திரும்பினார்.

முத்திரை விழுந்த படத்தைப் படமுளைப்பி தானாகவே எடுத்துக்கொள்ளும். புரட்டாசியில் ஆயிரம் கன்றுகள் நேரான இலைகளோடு முளைத்தன. ஆயிரத்திலும், இரண்டாவது இலையில், ஒரே அளவில் ஒரு புழு ஓட்டை.

வெள்ளையன் விழுந்து விழுந்து சிரித்தார். "ஏம்மா, அதைக்கூடவா விடாம வரைவீங்க? இனி புழு வந்து என்னத்தைக் கடிக்கும்?"

"இருந்துச்சு, வரைஞ்சேன்" என்றார் செலின். ஆனால் சிரிப்பு வரவில்லை. உள்ளதை உள்ளபடி வரைந்தும் அதே தவறுதான் நடந்திருந்தது.

அந்த வாரமே அசல் செடியின் ஓட்டை இலை பழுத்து உதிர்ந்தது. கதிரேசன் புத்தகத்தோடு வந்துவிட்டார். "மேடம், இப்ப இது எந்தப் படத்தோடயும் பொருந்தல."

"எப்படி சார் பொருந்தும்? உயிரோட இருக்குல்ல" என்று சொல்லிக்கொண்டே செலின் பென்சிலைச் சீவினார்.

இலை உதிர்ந்தபோது வரைந்தார். புதுத் தளிர் விட்டபோது வரைந்தார். மழையில் சாய்ந்தது, வெயிலில் சுருண்டது, மாசியில் காய்த்தது எல்லாவற்றுக்கும் முத்திரை விழுந்தது. ஒவ்வொன்றையும் இயந்திரம் எடுத்து முளைக்கவைத்தது. அடுத்த ஆடிக்குள் கல்லுமணிக்கு மட்டும் நூற்று அறுபத்து மூன்று படங்கள் சேர்ந்துவிட்டன.

அந்த மாதம் பிறழ்வுக் கணக்கெடுப்புக்குக் கதிரேசனே நேரில் கிளம்பினார். சாலையோரம் புதிதாய் நட்டிருந்த முதல் கல்லுமணியின் முன் குந்தி, படக்கட்டைப் பிரித்து ஒவ்வொன்றாக ஒப்பிடத் தொடங்கினார். காலை ரோந்துக்குப் போன வெள்ளையன் மலையைச் சுற்றி வந்து சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது.

"என்ன சார், இன்னும் மொதல் செடியிலயேவா?"

"இருய்யா" என்றார் கதிரேசன், தாளிலிருந்து தலையை நிமிர்த்தாமல். "பொருந்துற படம் இதுக்குள்ளதான் எங்கயாவது இருக்கும்."