வெற்றிலைக் கன்னம்

காலையில் படத்து முகத்தின் வலக் கன்னத்தில் இருந்த உப்பல், பங்கஜம் தன் மகள் பிரணவியைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிக்கொண்டு வந்தபோது இடக் கன்னத்தில் இருந்தது. ஈரக் கோட்டைக்கூடக் கழற்றாமல் சுவரோரச் சாமித்தட்டில் இருந்த அந்தப் பட அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

குடிபெயர்ந்து வந்த பாபடோயிட்டோயில் பழைய சாமான் கடையொன்றில் பிஸ்கட் டின்னோடு வாங்கிய பேஸ்போல் ஆட்டக்காரர் படம் போட்ட அட்டைகள். எந்தக் காலத்திலோ அமெரிக்காவில் ஆடியவர்களாம். ஒருவருக்குப் பல்லில்லை, இன்னொருவருக்கு மூக்கே முகம். தாயும் மகளும் வயிறு நோகச் சிரித்தார்கள், இந்த அட்டை கையில் வரும்வரை. மாறுகண், விடைத்த காது, வெற்றிலை அடக்கியதுபோல் ஒரு கன்னம். உரித்துவைத்த தியாகலிங்கம். ஐந்து வருடத்துக்கு முன் ஊரில் சுற்றிவளைப்பில் ஆமி கொண்டுபோய் இன்னும் திரும்பாத அவள் புருஷன். ஊர் வீடு எரிந்ததில் அவன் படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

செத்தவர்களுக்குத்தான் படம் வைத்துப் படைப்பார்கள். அதனால் அட்டையைச் சாமித்தட்டில் வைத்தாலும் அவள் விளக்கேற்றவில்லை, பொட்டு வைக்கவில்லை. வீட்டில் இருப்பவருக்கு வைப்பதுபோல் சோறும் வெற்றிலையும் மட்டும் வைத்தாள். வைத்தது நாளுக்குநாள் குறைந்தது. எலியாக்கும் என்று தேற்றிக்கொண்டாள்.

"மம், ஹி இஸ் ஸ்டில் ஹங்ரி," என்றாள் பிரணவி, அட்டையைப் பார்த்து, தன் சடையின் மஞ்சள் ரிப்பனை விரலில் முறுக்கியபடி.

பங்கஜத்தின் கை அட்டைவரை போய்த் திரும்பியது. கிழித்தெறிந்திருக்கலாம். எறிந்தால் அந்த முகத்தை இனி எங்கே பார்ப்பது? மகளை அறைக்கு அனுப்பிவிட்டு, தட்டின் முன் விழுந்து நெற்றியைத் தரையில் பதித்தாள்.

"இஞ்சாருங்கோ, என்னாலை இனி ஏலாது. இந்த வீட்டிலை இருக்கிற எதையெண்டாலும் எடுங்கோ. நீங்கள் திரும்பி வந்தாலே எனக்குக் காணும்."

தகரக் கூரையில் மழை இரைந்தது. ஹீட்டரில் தூசி கருகும் மணத்துக்கு நடுவே, மெதுவாக, பாக்கும் சுண்ணாம்பும் மணத்தன. வீட்டில் பாக்கு முடிந்து இரண்டு நாள். பிறகு மெல்லும் சத்தம். ஈரமாக. மகளின் அறையிலிருந்து.

நிமிர்ந்தாள். தட்டில் அட்டை இல்லை.

"பிரணவி?"

அறைக்கு ஓடினாள். அறையில் ஆளில்லை. யன்னல் பூட்டியபடி. கட்டிலில் அட்டை.

இரண்டு கன்னமும் உப்பியிருந்தன. உதட்டோரம் மஞ்சள் ரிப்பனின் நுனி தொங்கியது. அவள் பார்த்துக்கொண்டிருக்க, அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனது.