வடமூலைக் கசிவு

கிண்ணம் காய்ந்து கிடந்தது.

ஆரோக்கியமுத்து குனிந்து அதை எடுத்துப் பார்த்தார். வெள்ளை எனாமல் கிண்ணம். கரையின் வெளிப்பக்கம், வடமூலையில், கசிவுத் துளைக்கு நேர்கீழே, மழை விழாதபடி ஒரு கூரையோட்டைச் சாய்த்து, தினமும் சாயங்காலம் அவர் கையாலேயே வைப்பது. காலையில் இரண்டு விரற்கடை சாம்பல் தண்ணீர் நின்றிருக்கும். அளந்து பார்த்துவிட்டு யார் கண்ணிலும் படாமல் கொட்டிவிடுவது இரண்டு வருஷ வழக்கம். இன்று உள்ளே ஒரு சொட்டு ஈரமில்லை.

ஒன்பது நாளாக ஐப்பசி அடைமழை. சாம்பல் குளம் விளிம்புக்கு ஒரு சாண் குறைவாக நிற்கிறது. கசிவு கூட வேண்டிய நேரம் இது. கரை கட்டும் குடும்பத்தில் மூன்றாம் தலைமுறையாகப் பிறந்தவருக்கு அது தெரியாதா? கசிவு பெருகும், இல்லையென்றால் யாராவது வந்து அடைக்க வேண்டும். தானாக நிற்காது.

கிண்ணத்தைத் துடைத்து அதே இடத்தில் வைத்தார்.

ஆவூரில் அவர்கள் வீட்டுக்குக் கரைவீடு என்றே பெயர். சமஸ்தான காலத்தில் கண்மாய் உடைந்தால் அவருடைய தாத்தாவுக்குத்தான் வண்டி வரும். கோயில் திருவிழாவில் தேர் இழுக்க முதல் கை அந்த வீட்டாருடையது. கரைவீட்டார் கட்டிய கரை ஒழுகியது என்று எவனும் சொன்னதில்லை, சொல்ல விட்டதில்லை. மனைவி கல்லறைக்குப் போய், மகன் மலாயாவுக்குப் போய், மில் கொடுத்த ஒற்றை அறையில் தானே பொங்கித் தானே உண்ணும் இந்த அறுபத்திரண்டாம் வயதில், அவரிடம் மிஞ்சியிருந்தது அந்தப் பெயர் ஒன்றுதான்.

சமஸ்தானம் போன நாலாம் வருஷம் இலுப்பூருக்கும் அன்னவாசலுக்கும் நடுவே பொட்டலில் நூல் மில் வந்தது. பாய்லரில் எரிந்த நிலக்கரியின் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாக, ஆரோக்கியமுத்து கரை கட்டிய இந்தக் குளத்தில் விட்டார்கள். சாம்பல் படிந்து படிந்து ஓரங்களில் ஏடு கட்டியது. பார்வைக்குக் காய்ந்த தரை; மூங்கிலை ஊன்றினால் தயிரில் இறங்குவதுபோல் இறங்கும். கரைக்குக் கீழே, கூப்பிடு தூரத்தில், நாற்பது குடிசைகள். நாளைக் காலையில் திருச்சியிலிருந்து இஞ்சினீயர் வருகிறார். இந்த மழையைக் கரை தாங்குமா, அல்லது குளத்தை வெட்டி வடித்துவிட வேண்டுமா என்று ஆரோக்கியமுத்து எழுதித்தர வேண்டும். அவர் எழுதினால் மறுபேச்சு இல்லை.

வடித்தால் குளத்தின் அடி தெரியும்.

மத்தியானம் முனியாயி வந்தாள். கீழ்க்குடிசைக்காரி. ஒரு சொம்பை அவர் வாசலில் வைத்தாள்.

"மேஸ்திரியய்யா, எங்க கெணத்துத் தண்ணி. ஒரு வாய் குடிச்சுப் பாருங்க."

தண்ணீர் கழுநீர்போல் கலங்கியிருந்தது. அணைந்த அடுப்பின் வாடை.

"மழைத் தண்ணி. தெளிஞ்சிரும்."

"எப்பத் தெளியுமாம்? மூணு ஆடு வகுறு ஊதிச் செத்துப்போச்சு. தெளியிற வரைக்கும் அதுகளுக்குப் பொறுமை இல்ல போல."

"ஒனக்கு வாய் நீளுது."

"வாயி மட்டுந்தானே மிச்சம் இருக்கு. எம் மக காத்தாயிய ஒங்க கரைவேலைக்குத்தான் அனுப்புனேன். எவங்கூடயோ ஓடிட்டான்னு சொன்னீங்க. சரின்னேன். இருந்தும் வந்துருவாளோன்னு இன்னிக்கி வரைக்கும் கதவத் தாப்பா போடாமத்தான் படுக்குறேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "கரையாவது நிக்கிமாய்யா? புள்ளகுட்டிகளத் தூக்கிக்கிட்டு அன்னவாசல் பக்கம் போயிருவமா? நீங்க சொன்னா நம்புவோம்."

"கரைவீட்டான் கட்டுன கரை. நிம்மதியாப் படுத்துத் தூங்குங்க."

அவள் சொம்பை எடுக்காமலே போனாள்.

கரைவேலைக்காரர்களிடம் ஒரு முறை உண்டு. கசிவைக் கண்டவர் கையைக் கொடுத்து அடைத்துக்கொண்டு, "ஆள் மாத்துங்க" என்று கூவ வேண்டும். இன்னொரு கை வந்து அங்கே பதியும்வரை முதல் கை நகரக்கூடாது. கூவல் காதில் விழுந்தவர் வராமல் இருக்கக்கூடாது. இரண்டு வருஷத்துக்கு முன், இதே ஐப்பசியில், மில் ஓடாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, வடமூலையில் நீர்ப்பக்கமாக இடுப்பளவு இறங்கி, தோள்வரை கையை நுழைத்துக்கொண்டு காத்தாயி கூவினாள். அவர் ஒருவர் காதில்தான் விழுந்தது. மில் சங்கை ஊதச் சொல்லியிருந்தால் பத்து நிமிஷத்தில் ஆள் சேர்ந்திருக்கும். கரைவீட்டுக் கரை ஒழுகுகிறது என்று இலுப்பூர்ச் சந்தைவரை தெரிந்தும் இருக்கும். "அசையாம நில்லு, வாரேன்" என்று சொல்லிவிட்டு, தனியாகவே களிமண் சுமந்தார். மூன்றாவது கூடையோடு திரும்பியபோது நீர்ப்பக்கம் ஏடு மூடிக் கிடந்தது. ஆளைக் காணவில்லை. வெளிப்பக்கத்தில் கசிவு வெறும் சொட்டாகக் குறைந்திருந்தது.

'கரை உறுதியாக உள்ளது. வடிக்கத் தேவையில்லை.' கையெழுத்திட்டுக் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். ஆனாலும் அந்தக் காய்ந்த கிண்ணம் மனதை அறுத்தது. இஞ்சினீயர் பார்க்குமுன் தான் பார்த்துவிட வேண்டும்.

காவலாள் நாகராசுவை வெற்றிலை வாங்க அன்னவாசலுக்கு அனுப்பிவிட்டு, பொழுது சாயும் நேரத்தில் கரையேறினார். மழை தூறலாக இளைத்திருந்தது. இடப்பக்கம் குளம், வானத்தின் நிறத்திலேயே, எங்கே தண்ணீர் முடிந்து எங்கே ஏடு தொடங்குகிறது என்று கண்ணுக்குப் பிடிபடாமல், ஒரு கொக்கு இறங்காமல், இந்த மழைக்கும் ஒரு தவளை கத்தாமல் கிடந்தது. வலப்பக்கம் கீழே குடிசைகளின் அடுப்புப் புகை ஈரக்காற்றில் எழும்ப மாட்டாமல் கூரைகளின்மேலேயே படர்ந்திருந்தது. தூரத்தில் குழாய் மட்டும் கொளகொளவென்று சாம்பலைக் கக்கிக்கொண்டிருந்தது, ஆறுமணிச் சங்கு ஊதியதும் அதுவும் தொண்டை அடைத்தாற்போல் நின்றது.

அந்தச் சத்தத்துக்குள் இத்தனை நேரமும் இன்னொரு சத்தம் ஒளிந்திருந்தது.

மூச்சு. தலைச்சுமைக்காரர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு விடுகிற மூச்சு. காதைச் சாய்த்தார். கரைக்குள்ளிருந்து வந்தது.

சிலுவை போட்டுக்கொண்டு வெளிச்சரிவில் இறங்கினார். கிண்ணத்தின்மேல் சாய்த்திருந்த கூரையோட்டை நகர்த்திவிட்டு, துளைக்கு முன் மண்டியிட்டார். துளையை அடைத்திருந்தது களிமண் அல்ல. சாம்பல் பூத்து, நீரில் ஊறிச் சுருங்கிய ஏதோ ஒன்று. வேராக இருக்கும் என்று நினைத்தார். இந்தக் கரையில் மரம் ஏது? விரலால் தொட்டார்.

நகம்.

நான்கு விரல்கள். உள்ளே மங்கலாக ஒரு பச்சை வளையல்.

கையை இழுக்குமுன் அது பிடித்துக்கொண்டது. சில்லென்ற பிடி. மண்வெட்டி பிடித்துக் காய்த்த பிடி.

"ஆள் மாத்துங்கய்யா."

குரலில் கோபமில்லை. களைப்பு மட்டும்.

மெல்ல இழுத்தது. மணிக்கட்டு உள்ளே போனது. முழங்கை. தோள். கன்னம் ஈரமண்ணில் ஒட்டியது. பிறகு விட்டது. விட்ட இடத்தில் தண்ணீர் வந்து முட்டியது. குளத்தின் பாரம் முழுவதும் அவர் உள்ளங்கையில். எடுத்தால் உடையும். நாற்பது குடிசைகள்.

தலைக்கு மேலே, நீர்ப்பக்கம், சளக். சளக்.

யாரோ ஏறுகிறார்கள். சரிவின் உச்சியில் சாம்பல் நிறத்தில் ஒரு காலடி பதிந்தது. காலைக் காணவில்லை. இன்னொரு காலடி. அவர் முகத்தருகே வந்து நின்றது. அணைந்த அடுப்பின் வாடை. பிறகு இறங்கியது. குடிசைகளை நோக்கி.

"மேஸ்திரியய்யா!" கரைமேல் லாந்தர் வெளிச்சம். நாகராசு. "ஓடை பெருகிப்போச்சுங்க, தாண்ட முடியல. வெத்தலைய நாளைக்கு மெல்லுங்க! அங்கிட்டா இருக்கீங்க?"

ஒரு சொல் போதும். நாக்கின் நுனியில் அது நின்றது. நாகராசு இறங்குவான். விளக்கைத் தூக்கிப் பிடிப்பான். கையைப் பார்ப்பான். கசிவைப் பார்ப்பான். விடிவதற்குள் சந்தை. கோயில். ஆவூர். கரைவீடு.

பல்லைக் கடித்துக்கொண்டார். மூச்சு மட்டும் வந்தது.

"எங்க போனாரு இந்த மனுசன்" என்றான் நாகராசு. விளக்கு திரும்பிப் போனது.

கீழே, கடைசிக் குடிசையின் கதவு திறந்தது.

"வந்துட்டியாடி?" முனியாயியின் குரல். "உள்ள வா. இப்படி நனைஞ்சு கெடக்குற."

கதவு மூடியது. தாழ்ப்பாள் விழும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

இப்போது கூவ நினைத்தார். தோளில் ஏடு கட்டியிருந்தது. கழுத்தில். தாடையில். உயிரையெல்லாம் திரட்டி வாயைத் திறந்தார். ஆள் மாத்துங்க.

சத்தம் வரவில்லை. சாம்பல் தண்ணீர் வந்தது. உதட்டோரத்தில் திரண்டு, தாடையில் வழிந்து, கீழே வெள்ளைக் கிண்ணத்தில் விழுந்தது.

சொட்டு.

சொட்டு.