இரண்டாம் பெயர்

ஜெபசிங் செத்துவிட்டான் என்று நினைத்துப் பக்கத்து வீட்டுக்காரர் அன்று காலை கதவை உடைத்தார். ஜெபசிங்கின் கண் திறந்திருந்தது. உடம்புதான் அசையவில்லை. காதுக்குப் பின்னால், தோலுக்கடியில் இருந்த எழுப்பி ஷெரினைத் தேடிக்கொண்டிருந்தது. அவன் மனைவி ஷெரின் இறந்து ஆறு மாதமாகிறது. தேடிச் சலித்தபின் அது அடுத்த பெயருக்குப் போனது. அவன் எழுந்து உட்கார்ந்து, "தாழ்ப்பாளும் போச்சா?" என்று கேட்டான்.

எழுப்பி வந்தபின் யாருக்கும் தூக்க மாத்திரை தேவைப்படவில்லை. படுத்ததும் ஆழத்தில் இறக்கிவிடும். விடிந்ததும், சொல்லிவைத்த ஆளோ இடமோ வெளிவிடும் சைகை அலையை எங்கிருந்தாலும் பிடித்து, அந்த இதத்தோடு மேலே கொண்டுவரும். யாரை முதலில் தேடுவது, கிடைக்காவிட்டால் யாரை என்பதுதான் எழுவரிசை. கல்யாணத்தில் மோதிரம் மாற்றியதும் வரிசையில் பெயர் மாற்றுவார்கள். இரண்டாம் இடத்தைக் காலியாக விடும் ஜோடிக்குக் கைதட்டல் அதிகம். கணவன் போன இரவே மனைவியும் போனால், பத்திரிகைகள் அதைக் காதல் என்று எழுதின.

ஷெரினின் தங்கை பெனிட்டா வடசேரியில் கருவிகள் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தாள்.

"வாங்க அத்தான். உயிரோட இருக்கியளா? ஊரே மாலையோட துட்டி கேக்க வரப் பாத்துது."

"வரிசையை மாத்தணும்."

"மாத்தலாம். அதுக்கு முன்னால இது என்னன்னு பாத்துக்கிடுங்க. பிறகு என்னைக் குறை சொல்லப்பிடாது."

மூலையில் ஒரு பழைய மேசைக் கணினி இருந்தது. வெள்ளைப் பெட்டி பழுத்து மஞ்சளாகியிருந்தது. பொத்தானை அழுத்தினாள். உள்ளே விசிறி இரைந்தது. கறுப்புத் திரையில் ஒரு சின்னக் கோடு மின்னி மின்னி நின்றது. அதற்குமேல் ஒன்றும் வரவில்லை.

"செத்துப்போச்சா?"

"எல்லாரும் அப்படித்தான் நெனச்சுத் தூக்கிப் போட்டாவ. முதல்ல குறுவட்டைப் பாருன்னு இதுக்குச் சொல்லி வச்சிருக்கு. தட்டுல வட்டு இல்ல. அதான் நிக்கு."

"உள்ள எல்லாத்தையும் சேத்து வச்சிருக்கிற நிலைவட்டு இருக்குமே. அதைப் பாக்கலாம்லா?"

"வரிசையில ரெண்டாவதா அது பேரு இருந்தா பாக்கும். இதை வச்சிருந்தவரு அதை அழிச்சிட்டாரு. உள்ள எல்லாம் நல்லாத்தான் கெடக்கு அத்தான். எந்திரிக்கத்தான் வழியில்ல."

அணைத்துப் போட்டாள். திரை வெளிச்சமாகும் முன்பே ஒரு விசையைத் தட்டித் தட்டி, ஒரு நீலப் பக்கத்தைத் திறந்தாள். வரிசையில் இரண்டாவதாக நிலைவட்டைச் சேர்த்தாள். கணினி எழுந்தது. திரையில் யாரோ பெற்ற பிள்ளைகள் கடற்கரையில் நின்று சிரித்தார்கள்.

ஜெபசிங் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை. ஷெரினுக்கு நடந்தது குடல்வால் அறுவைதான். நல்லபடியாக முடிந்தது என்றுதான் டாக்டர் சொன்னார். தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவில், வருகிறவர்கள் தங்கள் எழுப்பியின் சைகையை அணைக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. அணைத்தான். ஷெரின் கண் விழிக்கும்போது பக்கத்திலேயே இருக்க வேண்டுமென்று, அணைத்துவிட்டு உள்ளே போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அவள் கண் திறக்கவே இல்லை; அவனும் அவளை விட்டு நகரவோ சைகையை மறுபடி போடவோ இல்லை. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. சில நாளில் மூச்சும் நின்றது.

"ஷெரின் ரெண்டாவதா யாரைப் போட்டிருந்தா?"

"அக்காவா?" பெனிட்டா சிரித்தாள். "அவ ஒத்தப் பேருக்காரில்லா! சர்ச்சே கைதட்டிச்சு. நீங்கதான் ரெண்டாவதா ஆபீஸைப் போட்டுட்டு முழிச்சிய. அதுக்கு அவ ஒரு வாரம் உங்ககிட்ட..."

சிரிப்பு பாதியில் நின்றது. விசைப்பலகை மேல் இருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அத்தான்."

மருத்துவமனைக் கதவருகில் சைகையை அணைத்த அதே விரலால் அவன் காதுக்குப் பின்னால் தொட்டான்.

"உனக்கு ரெண்டாவது யாரு?" என்று கேட்டான்.

பெனிட்டாவுக்குக் கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. "எங்களுக்கும் ஒத்தப் பேருதான்."

"அத்தைய போடு. இப்பவே. உன் மாப்பிள்ளையையும் ஒரு பேரு போடச் சொல்லு."

காதுக்குப் பின்னால் விரலை வைத்து அம்மாவின் பெயரைச் சொன்னாள். குரல் உடைந்ததால் எழுப்பி பிடிக்கவில்லை. மறுபடி சொன்னாள். இந்த முறை பிடித்தது.

"உங்க வரிசையை மாத்தத்தானே வந்திய," என்றாள். "யாரை முதல்ல போட?"

ஜெபசிங் எழுந்து செருப்பை மாட்டினான்.

"அவளே இருக்கட்டும்," என்றான். "அது தேடட்டும்."